கைவினையைக் காப்பது எங்ஙனம்?

(கிராம நூதனசாலை அமைப்பது பற்றிய தீர்மானத்தின் மீது, வடபகுதிக் கிராமமொன்றில் விவசாயிகளும் ஆசிரியர்களும் பிற தொழிற்றுறையினரும் கூடியிருந்த கூட்டத்தில், சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



நமது ஊரில் ஒரு நூதனசாலை அமைத்தல் வேண்டும், அதற்கெனக் கட்டடம் ஒன்று எழுப்புதல் வேண்டும், பழைய கைவினைப் பொருள்களை வீடுதோறும் சேகரித்து அங்கே வைத்தல் வேண்டும் என்ற தீர்மானம் இச்சபையின் முன் வைக்கப்பட்டுள்ளது. நோக்கம் நல்லது. அதைக் கொண்டுவந்தோர் இம்மண்ணின் மீது பற்றுள்ளோர். ஆதலின் அத்தீர்மானத்தை எதிர்ப்பதற்கு நான் எழவில்லை. ஒரு திருத்தத்தோடு அதை நிறைவேற்றுங்கள் என்று கேட்பதற்காகவே எழுந்துள்ளேன். திருத்தம் இன்னதென்பதை இறுதியிற் படிப்பேன். அதற்கான காரணங்களை முதலிற் கேளுங்கள்.

பெட்டியையும் பாயையும் பற்றிப் பேசுவதற்கு ஒரு சட்டத்தரணிக்கு என்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். உரிமை யாருடையது, பொறுப்பு யாருடையது, சாட்சி எது என்ற மூன்று கேள்விகளையே என் தொழில் நாள்தோறும் கேட்கின்றது. கைவினைப் பொருளைப் பற்றியும் கேட்கப்படவேண்டியவை அவையே என்பது என் எண்ணம்.

பேழைக்குள் போகும் கடகம்

ஒரு கடகத்தை எடுத்துக்கொள்வோம். உங்களில் கடகம் காணாதார் இல்லை. நெல்லும் வெங்காயமும் சுமந்தது அது. எருவும் மண்ணும் சுமந்ததும் அதுவே. அதைச் செய்வது எப்படி? பனையின் சார்வோலையை முற்றவிடாது வெட்டுவித்தல் வேண்டும். வெயிலில் உலர்த்தி, பனியிற் பதப்படுத்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்தல் வேண்டும். உள்ளொன்றும் புறமொன்றுமாக இரு பின்னலாக இழைத்தல் வேண்டும். பின்னர் விளிம்பிலும் மூலைகளிலும் பனைநார் கொடுத்துப் பொத்துதல் வேண்டும். எந்த ஓலை வளையும், எது முறியும் என்பதை விரல் அறியும். அந்த அறிவு எந்த நூலிலும் எழுதப்பட்டு வந்ததன்று. தாயின் கையைப் பார்த்து மகள் கற்றது.

இந்தக் கடகத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கின்றோம். அருகில் ஒரு சீட்டு எழுதுகின்றோம்: “பனையோலைக் கடகம், யாழ்ப்பாணம், 20ஆம் நூற்றாண்டு.” அவ்வளவே. இழைத்தவள் பெயர் எங்கே? ஓலை எந்தக் காணியின் பனையில் வெட்டப்பட்டது? கொண்டுவந்து கொடுத்தவர் விலைக்குக் கொடுத்தாரா, இரவலாகக் கொடுத்தாரா? யாரிடமிருந்து வந்தது என்று சொல்லமுடியாத ஒரு பொருளை நீதிமன்றத்திலே சான்றாக நீட்டினால், எதிர்க்கட்சிச் சட்டத்தரணி என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நூதனசாலையிலே மட்டும் பெயரில்லாப் பொருளைப் பண்பாட்டின் சான்று என்று ஏற்றுக்கொள்கின்றோம்.

பேழைக்குள் போன அக்கணத்தில் அந்தக் கடகம் மூன்றை இழக்கின்றது. சுமை இல்லாததால் பயனை இழக்கின்றது. பெயர் இல்லாததால் செய்தவளை இழக்கின்றது. தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வந்ததால் இடத்தை இழக்கின்றது. அதன் பின்னர் பழுதானாலும் அதைத் திருத்தப் புதிய நார் தேடுவார் இல்லை. பூச்சி அரியாதிருக்க மருந்து தெளிப்பார் மட்டுமே உளர்.

நூதனசாலை வேண்டாத இடம் என்று நான் சொல்லவில்லை. கல்வெட்டையும் செப்புப் படிமத்தையும் நாணயத்தையும் காப்பதற்கு அதனினும் தக்க இடம் இல்லை. அவற்றைச் செய்த கைகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. எனினும், செய்யும் கை இன்னும் உயிரோடிருக்கும்போது, கையை வெளியே விட்டுப் பொருளை மட்டும் உள்ளே கொண்டுபோவது என்ன நியாயம்? இதுவே என் கேள்வி.

நம்மவர் ஒருவர் சொன்னது

இக்கேள்வி புதியதன்று. நம்மவர் ஒருவரே உலகறிய எழுப்பிய கேள்வி இது. கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு தைத் திங்கள் முதலாம் நாள் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆவணியில் அதே கொழும்பிற் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவருடைய தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, இலண்டனில் சட்டம் பயின்று 1863இல் ஆங்கிலப் பாரிஸ்டராகிய முதல் இந்து என்று எங்கள் தொழிலார் பெருமையோடு நினைவுகூரும் பெரியார்.

மகனார் இந்நாட்டின் கனிப்பொருள் அளவையாளராகப் பணிபுரிந்து கிராமங்களிலே சுற்றியபோது, கைவினைஞர் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டு நீங்குவதைக் கண்டார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்நூல் பொருள்களின் அழகோடு நின்றுவிடவில்லை. கைவினைஞர் சமூகத்தில் பெற்றிருந்த நிலையையும், அவர்கள் நிலம் பெற்ற முறையையும், வேலை கற்ற முறையையும் ஆராய்ந்தது. 1917 முதல் 1947இல் மறையும் வரை அவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையிலேயே பணியாற்றினார். முப்பதாண்டு நூதனசாலையில் வாழ்ந்தவரே, கலைப்பொருள்களை ஏன் காட்சிக்கு வைக்கவேண்டும் என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்ட நூலை 1943இல் எழுதினார். பண்டைப் பொருள்கள் காட்சிக்கென்று செய்யப்பட்டவை அல்ல, பயனுக்கென்று செய்யப்பட்டவை; பயனையும் பொருளையும் விளக்காது அழகை மட்டும் காட்டுவது கல்வியாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இன்னொரு வகையிற் சொன்னால், நூதனசாலையின் சாட்சியே நூதனசாலைக்கு எதிராக நிற்கின்றது.

நமது சட்டமோ நெடுங்காலம் வேறு திசையில் நோக்கியது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருள் எது என்பதற்கு ஓர் எல்லைக்கோடு இட்டது. அக்கோடு 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள். கண்டி உடன்படிக்கை ஒப்பமான நாள். அதற்கு முற்பட்டது தொல்பொருள். நேற்று மாலை நம்மூர்த் தாய் ஒருத்தி இழைத்து முடித்த நீத்துப்பெட்டி, அவளுடைய பாட்டியின் பாட்டி அறிந்த அதே பின்னலைக் கொண்டிருந்தாலும், அக்கோட்டிற்கு இப்பால் நிற்கின்றது.

கோயில் காத்த முறை

நூதனசாலை என்ற சொல்லே இல்லாத காலத்தில் நம் முன்னோர் கைவினையைக் காக்கவில்லையா? காத்தனர். கோயிலிலே காத்தனர். தேரும் சகடையும் வாகனமும் பூட்டி வைக்கப்பட்ட பொருள்கள் அல்ல. ஆண்டுதோறும் வெளியே வருவன, வெயிலும் மழையும் காண்பன, தேய்வன, உடைவன. உடைந்தால் திருத்துவதற்கு ஆசாரி வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கம், தச்சனுக்கும் சிற்பிக்கும் வண்ணம் தீட்டுவோனுக்கும் தலைமுறை தவறாது வேலை கொடுத்த ஏற்பாடாகவும் இருந்தது. தந்தை ஒரு திருப்பணியில் தலைமை ஏற்பான். அங்கே உளி பிடித்துக்கொடுத்த மகன் அடுத்த திருப்பணியில் தலைமை ஏற்பான். போரிலே எரிந்த தேர்களுக்குப் பதிலாகப் புதிய தேர்கள் இம்மண்ணில் எழுந்தன என்றால், அது படம் பார்த்துச் செய்த வேலையன்று. கை மிஞ்சியிருந்தது, ஆதலால் தேர் மீண்டது.

இதே அறிவை யப்பானியரிடமும் காண்கின்றோம். இசே என்னுமிடத்துப் பெருங்கோயிலை அவர்கள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த நிலத்திலே முற்றிலும் புதிதாகக் கட்டுகின்றனர். கட்டடம் மட்டுமன்று, கோயிலின் ஆடைகளும் வாள்களும் கலங்களுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களையும் புதிதாகச் செய்கின்றனர். 7ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இவ்வழக்கம் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டது; பின்னர் மீண்டது. 62ஆவது முறை கட்டியது 2013இல். கண்ணாற் காணும் மரம் இருபது ஆண்டு வயதுடையதே. செய்யும் வித்தை ஆயிரத்து முந்நூறு ஆண்டு வயதுடையது. அவர்கள் காத்தது எதனை என்பதைச் சிந்தியுங்கள்.

அந்நாட்டின் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டது. 1950ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம், கட்டடத்தையும் சிலையையும் போலவே கைத்திறனையும் காக்கப்படவேண்டிய சொத்து என்று கொண்டது. 1955 முதல் குயவர், நெசவாளர், சாயக்காரர் முதலானோர் அத்திறனை உடையவர்கள் என்று பெயர் குறித்து ஏற்கப்பட்டனர். மக்கள் அவர்களை வாழும் தேசியச் செல்வங்கள் என்று அழைக்கின்றனர். சட்டத்தின் ஏட்டிலே குயவன் பெயர் ஏறியது என்பதே நான் இங்கு சுட்ட விரும்புவது.

யனாகி தரும் பாடமும் எச்சரிக்கையும்

யப்பானிலே யனாகி சோயெட்சு என்றோர் அறிஞர் இருந்தார். அரண்மனைப் பொருளை விட்டு, ஏழைக் குடியானவன் பாவித்த சட்டியையும் பாயையும் துணியையும் தேடிச் சேர்த்தவர். அவரும் நண்பர்களும் 1925இல் அவற்றுக்கு மக்கள் கைவினை என்று பொருள்படும் புதுப்பெயர் சூட்டினர். 1936இல் தோக்கியோ நகரில் அவற்றுக்கென ஓர் இல்லம் திறந்தனர்.

அதற்கு முன்னரே அவர் செய்த செயலொன்று நமக்கு முக்கியமானது. கொரியா அப்போது யப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கொரியரின் மட்பாண்டங்களை நேசித்த அவர், அவற்றைத் தோக்கியோவுக்கு அள்ளிச் செல்லாமல், 1924இல் சியோல் நகரத்து அரண்மனை வளவுக்குள்ளேயே கொரிய மக்கள் கலைக்கூடம் ஒன்றை அமைத்தார். அவ்வரண்மனையின் பெருவாயிலை யப்பானிய ஆட்சியாளர் இடிக்கக் கருதியபோது, 1922இல் அதை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார். வாயில் இடிக்கப்படாமல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. ஒக்கினாவாத் தீவினரின் துணியையும் கலத்தையும் போற்றிய அவர், 1940இல் அத்தீவினரின் பேச்சுமொழியைத் தாழ்த்திய ஆட்சியாளரின் இயக்கத்தையும் கண்டித்தார். துணியை விரும்புவோர் அதை நெய்தவரின் பேச்சை வெறுத்தல் ஆகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். வார்தல், இழைத்தல், பொத்துதல் என்று நம் தாய்மார் சொல்லும் சொற்களும் கைவினையின் பகுதியே. அச்சொல் போனால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியும் போகும்.

ஆனால், யனாகியை அப்படியே பின்பற்றவும் இயலாது. பெயர் அறியப்படாத கைவினைஞனே சிறந்த அழகைப் படைக்கின்றான் என்று அவர் போற்றினார். கொரியரின் கலையைத் துயரத்தின் அழகு என்று அவர் வருணித்ததைப் பிற்காலக் கொரிய அறிஞர் மறுத்தனர். நேசத்தோடு வந்தவராயினும் அயலவர் நமக்குச் சூட்டும் பெயர் நமது பெயர் ஆகாது. பெயரின்மையைப் புகழ்வதும் பெயருள்ளவருக்கு எளிது. பெயர் இல்லாதவருக்குக் கூலியும் குறைவு, உரிமையும் குறைவு என்பது வழக்காடுவோர் அறிந்த உண்மை.

வண்டியில் வந்த களஞ்சியம்

இப்போது இந்தியாவின் மேற்கெல்லைக்கு வாருங்கள். குசராத்தின் கட்ச் பிரதேசம் வரண்ட பூமி. நமது தீவகத்தையும் வன்னியையும் போல மழையை நம்பி வாழ்வது. அங்கே பெண்கள் தம் வீட்டுத் துணிகளில் நுண்ணிய தையல் வேலை செய்வர். ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனித் தையல். தையலைக் கண்டு ஊரையும் குலத்தையும் சொல்லிவிடலாம். 1969இல் வரட்சி வந்தபோது நிவாரணப் பணிக்காகச் சென்ற சந்தா ஷ்ரொஃப் என்ற அம்மையார், அப்பெண்கள் தருமமாகப் பிச்சை ஏற்க விரும்பவில்லை, வேலை செய்து உண்ணவே விரும்பினர் என்பதைக் கண்டார். சேலைகளைத் தைக்கக் கொடுத்தார், விற்றார், பணத்தைக் கொடுத்தார். சிருஜன் என்ற அமைப்பு அவ்வாறு தோன்றியது.

நாளடைவில் வேறொரு குறை தெரிந்தது. வீட்டிலிருந்த பழந்துணிகள் வறுமையால் வியாபாரிகளுக்கு விற்கப்பட்டுவிட்டன. இளம்பெண்களுக்குப் பார்த்துக் கற்கப் பழைய வேலை இல்லை. நூதனசாலை கட்டுவோம் என்று அம்மையார் அப்போது சொல்லவில்லை. முதிய பெண்களைக் கொண்டு ஒவ்வொரு சமூகத்தின் தையலையும் துணிப் பலகங்களில் மீண்டும் செய்வித்தார். அவற்றை வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார். பெண்கள் தொட்டுப் பார்க்கலாம், புறத்தைத் திருப்பி முடிச்சைப் பார்க்கலாம், எண்ணிப் பார்த்துக் கற்கலாம். அந்த நடமாடும் களஞ்சியத்துக்காக 2006இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. கட்டடம் பின்னரே, 2016இல், எழுந்தது. முதலில் கை, அடுத்து வண்டி, அதற்குப் பின்னர் சுவர். இந்த ஒழுங்கை நினைவில் வையுங்கள்.

அதே கட்ச் பிரதேசத்தை 2001 தை 26இல் நிலநடுக்கம் உலுக்கியது. தமட்கா என்ற ஊரில் அஜ்ரக் என்னும் சாயத்துணி அச்சிடுவோர் வாழ்ந்தனர். நடுக்கத்தின் பின் நீரில் இரும்பு கூடியதால் சாயம் பழைய நிறம் காட்டவில்லை. அவர்களிற் பலர் நல்ல நீர் தேடிச் சென்று அஜ்ரக்பூர் என்று தொழிலின் பெயராலேயே ஒரு புதிய ஊரை அமைத்தனர். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அச்சுக்கட்டையைக் கொண்டு போகலாம்; வித்தையைக் கொண்டு போகலாம்; நீரைக் கொண்டு போக முடியாது. கைவினையின் உயிர் பாதி மனிதனிடத்திலும் பாதி மண்ணிடத்திலும் இருக்கின்றது.

இங்கே விவசாயப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. பனைகள் போர்க்காலத்தில் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. நின்ற பனைக்கும் ஏறுவார் அருகிவிட்டனர். சார்வோலை இல்லாமல் கடகம் இல்லை. ஓலைக் கைவினையின் முதலாவது அறை உங்கள் காணியின் எல்லை வேலியிலே இருக்கின்றது. அங்கே பனங்கொட்டை ஊன்றாமல் இங்கே கண்ணாடிப் பேழை வாங்குவது வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதாகும்.

சொல்லத் தயங்கும் உண்மை

தோழர்களே, இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். எனினும் சொல்லாமல் விட்டால் இந்த உரை பொய்யுரை ஆகும்.

நம் பிள்ளைகள் கைத்தொழிலை ஏன் விட்டார்கள்? பிளாஸ்ரிக் வாளி மலிவாக வந்ததால் மட்டுமா? ஓலை இழைக்கும் வேலை எல்லா வீடுகளிலும் இருந்ததுண்டு. ஆனால் சந்தைக்கென்று இழைத்தவர்கள், பனை ஏறியவர்கள், மண் பிசைந்தவர்கள், தோல் பதனிட்டவர்கள் யார்? அவர்களின் பொருளை வீட்டுக்குள் எடுத்தோம். அவர்களை முற்றத்தில் நிறுத்தினோம். கோயில் கைவினையைக் காத்தது என்று சற்று முன்னர் சொன்னேன். அக்கோயில்களின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. வந்த பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்து வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. தொழிலோடு இழிவும் சேர்ந்து பிள்ளைக்குப் போகும் என்றால், எந்தத் தாய் தன் பிள்ளைக்கு அத்தொழிலைக் கற்பிப்பாள்? அவர்கள் தொழிலை விட்டது அறியாமையன்று, தன்மானம்.

இந்நாட்டின் மலைப்பகுதியிலும் இதுவே நடந்தது. தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலிலே சேர்த்தது. நாடே பெருமைப்பட்டது. அப்பாயை நெய்து காத்தவர்கள் கின்னர சமூகத்தார். கண்டி இராச்சியத்தின் சமூக ஏணியிலே மிகத் தாழ்ந்த படியில் நிறுத்தப்பட்டிருந்தோர். பாய்க்கு உலகப் பட்டம் கிடைக்கும். நெய்தவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பதற்குப் பட்டியலிலே இடம் இல்லை.

ஆதலின் பழைய கைவினையை மீட்போம் என்று சொல்லும்போது, பழைய ஒழுங்கையும் சேர்த்து மீட்கின்றோமா என்பதை நாம் ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுக் கேட்கவேண்டும். தொழில் யாருடைய குலத்துக்கும் கட்டப்பட்டதாக இருத்தல் ஆகாது. விரும்பிய பிள்ளை எவரும் கற்கலாம், கற்பிப்பவர் ஆசிரியருக்குரிய நாற்காலியில் அமர்வார் என்ற நிலை வரவேண்டும். குமாரசுவாமி பழைய சமூக ஒழுங்கின் நிழலை நோக்கினார். அதன் வெயிலில் நின்றவர்களின் நிலையை நாம் நோக்கவேண்டும்.

சட்டம் என்ன தரும்?

சட்டத்தின் துணை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவியியற் குறியீடு என்ற பாதுகாப்பை ஏற்கின்றது. ஓர் ஊருக்கோ பிரதேசத்துக்கோ உரிய தன்மையால் பெயர் பெற்ற பொருளின் பெயரைப் பிற இடத்தார் பொய்யாகப் பாவிப்பதை அது தடுக்கும். அவ்வாறான பெயர்களைப் பதிவதற்கு 2022இல் திருத்தச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய பாதுகாப்பைப் பெற்றது. நமது பனம் பொருள்களுக்கும் இவ்வழி திறந்திருக்கின்றது. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கின்றது. ஆனால் விண்ணப்பம் செய்பவர்கள் யார்? ஏற்றுமதி வியாபாரியா, இழைப்பவர்களின் சங்கமா? பதிவிலே எவர் பெயர் முதலில் எழுதப்படுகின்றதோ அவர் கையிலேயே பயனும் தங்கும்.

மறுப்புகளுக்கு மறுமொழி

மூன்று மறுப்புகள் எழலாம்.

முதலாவது, கட்டடம் இல்லாவிட்டால் பொருள்கள் சிதறிப்போகும் என்பது. ஒரே இடத்திற் சேர்த்த செல்வத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை 1981 வைகாசி இறுதி நாளின் இரவு நமக்குக் காட்டியது. யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் தீக்கிரையாயின. ஏடு எரிந்தால் அதை எழுதிய கையைத் தேடமுடியாது. கடகம் எரிந்தால், இழைக்கும் கைகள் பத்து ஊரில் இருக்குமாயின், அடுத்த கிழமையே பத்துக் கடகம் வரும். பலர் கையிற் பரவியிருப்பதும் ஒரு பாதுகாப்பே.

இரண்டாவது, கடகத்தை இக்காலத்தில் யார் வாங்குவார் என்பது. நியாயமான கேள்வி. எருச் சுமக்க இனிக் கடகம் வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் 2017 புரட்டாதி முதல் பொலித்தீன் உணவுத்தாளுக்கும் மெல்லிய பைகளுக்கும் இந்நாட்டிலே தடை உண்டு. கலியாண வீட்டுப் பலகாரப் பெட்டி, கோயில் அருச்சனைத் தட்டு, கூட்டுறவுக் கடைப் பை ஆகியவை எவற்றாற் செய்யப்படவேண்டும் என்பது நமது கையிலேயே இருக்கின்றது. விலையைப் பற்றி ஓர் அளவுகோல் சொல்வேன்: தோட்டத்திலே ஒரு நாள் வெங்காயம் கிண்டுவதற்குக் கொடுக்கும் கூலி, ஒரு நாள் இழைப்பதற்கும் கிடைக்கவேண்டும். அதற்குக் குறைந்த விலையிற் கைவினையைக் காப்பதாகச் சொல்வது, இழைப்பவளின் வயிற்றிலிருந்து எடுத்துக் காப்பதாகும்.

மூன்றாவது, மேல்நாடுகளில் ஊரையே நூதனசாலை ஆக்கியிருக்கிறார்களே, அதைச் செய்வோம் என்பது. உண்மை. சுவீடனில் அர்த்தூர் ஹசேலியஸ் என்பார் 1891இல் நாட்டின் பல பகுதிகளிலுமிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து ஸ்ரொக்ஹோமிலே திறந்தவெளியில் நிறுத்தினார். பிரான்சிலே 1971இற்குப் பின்னர் இன்னும் ஒருபடி சென்று, வீட்டைப் பெயர்க்காமல் ஊரை ஊராகவே வைத்து, ஊர்மக்களே காப்பாளர் என்றனர். லெ குரூசோ என்ற இரும்புத் தொழில் நகரம் அதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால் 1984இல் அந்நகரத்துப் பெருநிறுவனம் முறிந்தபோது, தொழிலாளரின் வேலையை நினைவுச்சின்னத்தால் மீட்க முடியவில்லை. நினைவு வேறு, பிழைப்பு வேறு. பிழைப்பைத் தாங்காத நினைவு, உல்லாசப் பயணிக்கு மட்டுமே உதவும்.

வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதைப் பெருமையோடு பேசாத தமிழன் இல்லை. அக்கப்பலின் சிறு மாதிரியை எந்த மண்டபத்திலும் வைத்துவிடலாம். அதைக் கட்டும் மேத்திரி ஒருவரை எந்தப் பேழையிலிருந்து எடுப்போம்?

என் திருத்தம்

தலைவர் அவர்களே, என் திருத்தத்தை இப்போது முன்மொழிகின்றேன். கட்டடம் எழுப்புவதற்கு முன்னர் பின்வரும் ஐந்தும் செய்யப்படுதல் வேண்டும் என்று தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கின்றேன்.

ஒன்று: நம் ஊரிலும் அயலூர்களிலும் கைவினை அறிந்தோர் அனைவரையும், அவர்கள் சம்மதத்தோடு, பெயர் குறித்துப் பதிவேடு ஒன்றில் எழுதுதல். என்ன செய்வார்கள், யாரிடம் கற்றார்கள், ஓலையோ மண்ணோ மரமோ எங்கிருந்து பெறுகிறார்கள் என்பவற்றையும், அவர்கள் வாய்ச்சொற்களையும் அவ்வாறே பதிதல். வாசிகசாலை இளைஞர்களும் ஆசிரியர்களும் இதைச் செய்யலாம்.

இரண்டு: பழம்பொருள் எதுவும் உடைமையாளரிடமிருந்து நன்கொடையாகப் பெறப்படாமை. வேண்டும்போது இரவலாகப் பெறுதல், எழுத்தில் பெறுதல், கேட்ட நாளில் திருப்பிக் கொடுத்தல். நாம் காவலர், உரிமையாளர் அல்லர்.

மூன்று: சிறந்த பொருள்களைப் போன்றே புதியன செய்வித்து, அவற்றைப் பெட்டகங்களில் வைத்துப் பாடசாலை, கூட்டுறவுக் கடை, கோயில் திருவிழா என்று மாறிமாறிக் கொண்டு செல்லுதல். தொடாதே என்ற பலகை அவற்றின் அருகே இருத்தல் ஆகாது. உடைந்தால் திருத்துதலும் கல்வியே.

நான்கு: கட்டட நிதியென்று சேர்க்கப்படும் பணத்தில் பாதியைக் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் நாட்கூலியாக ஒதுக்குதல். எந்தக் குலத்துப் பிள்ளையும் கற்க இடமளித்தல்.

ஐந்து: நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் கைவினைஞராக இருத்தல், அவர்களில் இழைக்கும் தாய்மாரும் இருத்தல். சட்டத்தரணியும் தலைமையாசிரியரும் வைத்தியரும் மட்டும் கூடியிருந்து கடகத்தைப் பற்றித் தீர்மானிக்கும் குழு, கக்கட்சிக்காரர் இல்லாமல் நடக்கும் வழக்கைப் போன்றது.

இவை ஐந்தும் நடந்தபின்னர் ஒரு கூரை வேண்டுமென்று அவர்களே கேட்டால், கட்டிக்கொடுப்போம். மழைக்கு ஓலை நனையாமல் இருக்கவும், பலர் ஒன்றாக அமர்ந்து இழைக்கவும் ஒரு கொட்டில் வேண்டியதே. அதன் வாசலில் நூதனசாலை என்று எழுதுவதா, பள்ளிக்கூடம் என்று எழுதுவதா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

வாக்கெடுப்புக்கு முன்னர் ஒன்று கேட்கின்றேன். இச்சபையிலே ஓலை இழைக்கத் தெரிந்த தாய்மார் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள். அவர்களில் ஒருவரேனும் என் திருத்தத்தை வழிமொழியட்டும். அவர்கள் வழிமொழியாவிடின், நான் அதை மீளப் பெற்றுக்கொள்கின்றேன்.